கூட்டுரிமை வீடும் அக்கம்பக்கமும்

சிங்கப்பூரில் நடுத்தரக் குடும்பம் ஒன்று, பல ஆண்டு உழைப்பாலும் சிக்கனத்தாலும் சேர்த்த பொருளைக் கொண்டு, தான் இதுகாறும் வாழ்ந்துவந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டை விற்றுவிட்டுக் கூட்டுரிமை வீடு ஒன்றை வாங்கத் தீர்மானிக்கும்போது, அதன் உள்ளத்தில் எழுகின்ற வினாக்கள் பெரும்பாலும் ஒரே விதமானவை. சதுர அடி என்ன விலை, குத்தகை 99 ஆண்டா அல்லது நிரந்தர உரிமையா, எம்ஆர்டி நிலையத்துக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், மாதப் பராமரிப்புக் கட்டணம் கட்டுபடியாகுமா, வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்றெல்லாம் அவர்கள் விசாரிக்கிறார்கள். வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஒரே கையெழுத்தில் ஒப்படைக்கப் போகிறவர்கள் இவற்றைக் கேளாதிருந்தால்தான் ஆச்சரியம். ஆயினும், இந்த வட்டாரத்தில் ஏற்கெனவே வாழ்ந்துவருகிற பல இனத்து மக்களுக்கு நாம் எப்படிப்பட்ட அண்டை வீட்டாராக இருக்கப் போகிறோம் என்ற வினாவை வீட்டு முகவர் எழுப்புவதில்லை, வங்கியும் எழுப்புவதில்லை, வாங்குகிறவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வதும் அபூர்வம். மற்ற வினாக்களுக்குச் சமமான இடம் இதற்கும் உண்டு என்பதும், இதனைக் கேளாமலே வீடு வாங்குகிற வழக்கம் பெருகுமானால் இந்நாடு அரும்பாடுபட்டு வளர்த்த ஒரு நற்பண்பு மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

முதலில், கூட்டுரிமை வீடு வாங்குகிறவர் உண்மையில் எதை வாங்குகிறார் என்பதைப் பார்ப்போம். தம் வீட்டுக் கதவுக்கு உள்ளே இருக்கும் அறைகள் அவருக்கு மட்டுமே உரியவை. ஆனால் கட்டடம் நிற்கின்ற நிலம், மின்தூக்கி, படிக்கட்டு, தோட்டம், நீச்சல் குளம், வாகன நிறுத்துமிடம் ஆகியவை அங்குள்ள எல்லா உரிமையாளர்களுக்கும் அவரவர் பங்கு மதிப்பின்படி பொதுவில் பாத்தியப்பட்டவை. இவற்றை நிர்வகிப்பதற்கு உரிமையாளர் அனைவரும் அடங்கிய நிர்வாகக் கழகம் ஒன்று சட்டப்படி அமைகிறது. அதன் கடமைகளை 2004ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கட்டடப் பராமரிப்பு, நிர்வாகச் சட்டம் விரிவாக வகுத்திருக்கிறது. வீட்டின் பத்திரத்தில் கையெழுத்திடும் கணத்திலேயே, நாம் முன்பின் பார்த்திராத நூற்றுக்கணக்கான குடும்பங்களோடு ஒரே சொத்தில் பங்காளிகளாகிவிடுகிறோம். அவர்கள் சீனராக இருக்கலாம், மலாய்க்காரராக இருக்கலாம், வங்காளியாகவோ பிலிப்பினோவாகவோ இருக்கலாம். அவர்களுடைய சம்மதமின்றி ஒரு பொதுச் சுவருக்கு வர்ணம் பூசவும் நமக்கு அதிகாரமில்லை. நம்முடைய கட்டணம் சேராமல் அவர்களுடைய மின்தூக்கியும் ஓடாது.

இந்தப் பங்காளித்தனத்தை அடைவதற்கு நாம் கொடுக்கும் விலையும் அற்பமானதன்று. முதல் வீட்டுக்கடன் வாங்குகிறவருக்கு வங்கி விலையில் அதிகபட்சம் 75 விழுக்காடு வரைதான் கடன் தரலாம். மிச்சமுள்ளதில் குறைந்தது 5 விழுக்காட்டை ரொக்கமாகவே செலுத்தியாக வேண்டும். எஞ்சியதற்கு மத்திய சேமநிதி கைகொடுக்கும். எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இவற்றுக்கு மேல் முத்திரை வரி இருக்கிறது. 2023 ஏப்ரல் மாத இறுதியிலிருந்து, இரண்டாவது வீடு வாங்கும் குடிமகன் 20 விழுக்காடும், முதல் வீடு வாங்கும் நிரந்தரவாசி 5 விழுக்காடும், வெளிநாட்டவர் 60 விழுக்காடும் கூடுதல் முத்திரை வரியாகச் செலுத்துகிறார்கள். இவ்வளவு பொருளைக் கொட்டி வாங்கிய பிறகு, வெளியுலகம் தம்மைத் தொந்தரவு செய்யாதிருக்க வேண்டும் என்று ஒருவர் விரும்புவது மனித சுபாவம். அந்த விருப்பத்தை நான் குறைகூறவில்லை. அது எந்த எல்லையில் நியாயத்தைக் கடந்துவிடுகிறது என்பதே ஆராயத்தக்கது.

இந்நாட்டில் பல இனத்தவரும் அடுத்தடுத்த கதவுகளில் வாழ்வது இயற்கையாக நேர்ந்த காரியமன்று. 1964ஆம் ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் மூண்ட இனக்கலவரங்களின் நினைவு மாறாத ஒரு தலைமுறைதான், 1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் மாடிவீடுகளுக்குக் கம்பம் எனப்பட்ட சிற்றூர்களை விட்டுக் குடிபெயர்ந்தது. ஆனால் அடுத்த கால் நூற்றாண்டில், மறுவிற்பனை பெருகப் பெருக, மக்கள் மீண்டும் தத்தம் இனத்தவர் இருக்கும் இடங்களை நாடிச் சேரலாயினர். பிடோக், தெம்பனிஸ் போன்ற பேட்டைகளில் மலாய்க்காரரும், ஹவ்காங்கில் சீனரும் அதிகமாகத் திரண்டார்கள். இப்போக்கு நீடித்தால் பழைய பிரிவினை புதிய மாடிகளில் குடியேறிவிடும் என்பதை உணர்ந்து, அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன் நாடாளுமன்றத்தில் அறிவித்த திட்டமே 1989 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை. ஒவ்வொரு அக்கம்பக்கத்திலும் ஒவ்வொரு புளோக்கிலும் இன்ன இனத்தவர் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் இருக்கலாகாது என்று அது வரம்பு கட்டிற்று. ஒரு புளோக்கில் சீனருக்கு 87 விழுக்காடு, மலாய்க்காரருக்கு 25 விழுக்காடு என்பது அந்த வரம்பு. இந்தியருக்கும் இதர இனத்தவருக்கும் முதலில் 13 விழுக்காடாக இருந்தது, 2010இல் 15 ஆக உயர்த்தப்பட்டது.

இக்கொள்கை எவருக்கும் வலியில்லாமல் வந்ததாகச் சொல்ல முடியாது. தம் வீட்டை விற்க முனையும் தமிழர் ஒருவர், தமது புளோக்கில் சீனருக்குரிய வரம்பு நிரம்பிவிட்டிருந்தால், ஒரு சீனருக்கு அதை விற்க இயலாது. வாங்குவோர் கூட்டம் அந்த அளவுக்குச் சுருங்கிவிடுவதால், அவர் விலையைக் குறைக்கவோ மாதக்கணக்கில் காத்திருக்கவோ நேரிடுகிறது. பெரும்பான்மையினர் எண்ணிக்கை 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 74.3 விழுக்காடாகவும், இந்தியர் எண்ணிக்கை 9 விழுக்காடாகவும் உள்ள ஒரு நாட்டில் இச்சுமை சிறுபான்மையினர் தோள்மீதே அதிகம் அழுத்துகிறது. அரசாங்கமும் இதனை ஒப்புக்கொண்டு, பெரிதும் இடர்ப்படும் உரிமையாளர்களின் வீடுகளைக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2022இல் அறிவித்தது. அண்டை வீட்டாரோடு கலந்து வாழ்வதற்கான விலையைச் சாதாரணக் கழக வீட்டுக்காரர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்து வந்திருக்கிறார் என்பதை நாம் மறக்கலாகாது.

கூட்டுரிமை வீடுகளுக்கு இந்த வரம்பு கிடையாது. அங்கே யார் யாருக்கு விற்கலாம் என்பதைச் சந்தையும் விற்பவர் விருப்பமுமே நிர்ணயிக்கின்றன. நாட்டு மக்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் கழக வீடுகளில் கலந்து வாழ்கையில், பொருள்வளம் பெற்று மேலே ஏறியவர்கள் மட்டும் அந்தக் கடமையிலிருந்து சட்டப்படி விடுபட்டுவிடுகிறார்கள். மதில், காவலர் கூண்டு, அட்டையைக் காட்டினால் மட்டும் திறக்கும் கதவு ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த விடுதலைக்கு உருவம் கொடுத்துவிடுகின்றன. இந்நாட்டில் இனத்தையும் சமயத்தையும் விட வர்க்கமே மக்களை அதிகம் பிரிக்கிறது என்பதைக் கொள்கை ஆய்வுக் கழகத்தினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டிற்று. தனியார் வீடுகளில் வாழ்வோருக்கும் கழக வீடுகளில் வாழ்வோருக்கும் இடையே நட்பும் பழக்கமும் மிகக் குறைவாயிருப்பதை அது அதற்குச் சான்றாகக் காட்டியது. சட்டம் தன் கையை எடுத்துக்கொண்ட இடத்தில் மனச்சாட்சி தன் கையை நீட்ட வேண்டும். இல்லையேல், வசதி பெற்றவுடன் கைவிடத்தக்க ஒரு நிர்ப்பந்தமாகவே நல்லிணக்கம் நம் பிள்ளைகளின் கண்ணுக்குத் தோன்றும்.

ஓர் உதாரணத்தால் இதைத் தெளிவாக்குகிறேன். சிராங்கூன் சாலையையும் ஃபேரர் பார்க்கையும் சுற்றியுள்ள வட்டாரத்தில், 2003இல் வடகிழக்கு ரயில் பாதை திறக்கப்பட்ட பிறகு, கூட்டுரிமைக் குடியிருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அங்கே ரேஸ் கோர்ஸ் சாலையில் சாக்கிய முனி புத்தகயா ஆலயமும், அதற்கு எதிரே குவான்யின் அம்மை எழுந்தருளியிருக்கும் லியோங் சான் ஆலயமும், அதே சாலையில் ஃபூச்சோவ் மெதடிஸ்ட் தேவாலயமும் நிற்கின்றன. சிராங்கூன் சாலையில் ஸ்ரீ வீரமாகாளியம்மனும் ஸ்ரீநிவாசப் பெருமாளும் கோயில் கொண்டிருக்கிறார்கள். சற்று நடந்தால் அங்குலியா பள்ளிவாசல். தேக்கா சந்தையில் விடியற்காலையிலேயே சென்று பார்த்தால், சீன மீன்காரர் ஒருவர் தமிழ்ப் பாட்டியிடம் "அம்மா, வாவல் இன்னைக்கு நல்லா இருக்கு" என்று தமிழிலேயே சொல்லிச் செவுளைத் தூக்கிக் காட்டுவதையும், பாட்டி மலாய் மொழியில் பேரம் பேசி முடித்துவிட்டு, பக்கத்துக் கடையில் முருங்கைக்கீரையைக் கட்டுக் கட்டாகப் புரட்டிப் பார்ப்பதையும் காணலாம். இரண்டு மொழிகள் ஒரு கிலோ மீனுக்குள் அடங்கிவிடுகிற இந்தப் பழக்கம் எந்தக் கட்டுமான நிறுவனத்தின் விளம்பரப் புத்தகத்திலும் இல்லை; ஆனால் அந்த வீடுகளுக்கு மதிப்பு வந்ததே இதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் அதே வட்டாரத்துக்கு வேறொரு முகம் உண்டு. வாரம் முழுவதும் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைத்த தமிழகத்து இளைஞரும் வங்காள தேசத்து இளைஞரும் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து சேர்கிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். சிற்றூர்க்காரர் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து, புல்தரையில் வட்டமாக அமர்ந்து, பொட்டலத்தைப் பிரித்துப் பகிர்ந்துண்கிறார்கள். கைப்பேசியின் சிறு திரையில், தாம் இன்னும் தூக்கிப் பாராத குழந்தையின் முகத்தைப் பார்க்கிறார்கள். 2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் தொழிலாளி ஒருவர் பேருந்துக்கு அடியில் சிக்கி உயிரிழந்ததைத் தொடர்ந்து அங்கே கலவரம் மூண்டது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்நாடு அத்தகைய காட்சியைக் கண்டதில்லை. அதன் பின்னர் மது விற்பனைக்கும் பொது இடங்களில் மது அருந்துவதற்கும் கடுமையான கட்டுப்பாடுகள் வந்தன. அமைதி காக்கப்பட வேண்டியதே. எனினும், அந்த ஒரு நாளின் குற்றத்தை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அமைதியாக வந்துபோகிற ஆயிரக்கணக்கானோர்மீது சுமத்தி, அவர்கள் நம் மதிலோரத்தில் உட்காருவதையே ஒரு குறைபாடாகப் புகார் எழுதுவது நியாயமாகாது. நாம் குடியிருக்கும் கட்டடத்துக்குக் கம்பி கட்டியவர்களும் அவர்களே.

அண்டையில் இன்னார் வரலாகாது என்ற எண்ணம் படித்தவரிடத்திலும் வசதி படைத்தவரிடத்திலும் எவ்வளவு எளிதில் தலைதூக்கும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 2008இல் சிராங்கூன் கார்டன்ஸ் வட்டாரத்தில், பயன்படாதிருந்த பள்ளிக் கட்டடம் ஒன்றை வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியாக்கும் யோசனை எழுந்தபோது, குடியிருப்பாளர்கள் எதிர்த்து மனுப் போட்டார்கள். 2011இல், சீனாவிலிருந்து குடிவந்த குடும்பம் ஒன்று பக்கத்து இந்தியக் குடும்பத்தின் கறிக் குழம்பு வாசனை தாங்க முடியவில்லை என்று முறையிட்டதும், சீனக் குடும்பம் வீட்டில் இல்லாத வேளையில் மட்டும் கறி சமைப்பதாகச் சமூக சமரச நிலையத்தில் உடன்பாடு ஏற்பட்டதும் பத்திரிகையில் வெளியாயின. அதைப் படித்த சிங்கப்பூரர்கள், சீனரும் மலாய்க்காரரும் உட்பட, அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, அன்று எல்லோரும் கறி சமைப்போம் என்று கிளம்பினார்கள். முதல் செய்தி மனிதர் எவ்வளவு சுருங்கக்கூடும் என்பதையும், இரண்டாவது செய்தியின் முடிவு அவர்கள் எவ்வளவு விரியக்கூடும் என்பதையும் காட்டுகின்றன.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழலாம். இரவில் தூக்கம் வேண்டாமா, சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா, கடன் வாங்கிப் பிடித்த வீட்டின் விலை இறங்கினால் நஷ்டம் யாருக்கு என்று கேட்பார்கள். தூக்கம் வேண்டும், அதற்குச் சட்டமும் இடம் தந்திருக்கிறது, அண்டை வீட்டார் தகராறுகளுக்கென்றே 2015இல் தனி நடுவர் மன்றம் ஏற்பட்டிருக்கிறது. ஆனால் தைப்பூசத்தன்று ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடிகள் புறப்படும் என்பது அந்த வட்டாரத்தில் வீடு வாங்குகிற எவருக்கும் தெரியாத இரகசியமன்று. 1973 முதல் ஊர்வலத்தில் தடைபட்டிருந்த வாத்திய இசையை 2016இல்தான் சில இடங்களில் மட்டும் அனுமதித்தார்கள். அதற்காக நம் சமுதாயம் எத்தனை ஆண்டுகள் பொறுமையோடு காத்திருந்தது என்பதை நாம் அறிவோம். அதே பொறுமையை, சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் மூதாதையருக்குக் காகிதம் எரிக்கும் சீனரிடத்திலும், மலாய்த் திருமணத்தில் முழங்கும் கொம்பாங் மேள ஒலியிடத்திலும் நாம் காட்ட வேண்டாமா? வட்டாரத்தின் உயிர்ப்பைக் காட்டி விலையேறிய வீட்டை வாங்கிவிட்டு, அந்த உயிர்ப்பையே அடக்கும்படி மனுப்போடுவது முரண்பாடு.

நம்மவரிடத்திலும் ஒரு குறை இருக்கிறது. அதை மறைப்பதில் பயனில்லை. வாடகை விளம்பரங்களில் இந்தியருக்கு இல்லை என்று எழுதப்படுவதைப் பார்த்து நாம் மனம் நோகிறோம்; நோவது முற்றிலும் நியாயம். நிர்வாகக் கழகம் எவ்வளவு பெரிய வாக்கு வித்தியாசத்தில் துணைவிதி இயற்றினாலும், ஒரு வீட்டின் விற்பனையையும் வாடகையையும் அதனால் தடுக்க முடியாதபடி சட்டம் காப்பளித்திருக்கிறது. ஆனால் தனியொரு உரிமையாளர் தம் மனத்துக்குள் எழுதிக்கொண்ட துணைவிதியை எந்தச் சட்டமும் எளிதில் எட்டிப் பிடித்துவிட முடியாது. அத்தகைய மறைமுக விதியைத் தமிழ் உரிமையாளரும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். சைவம் உண்பவருக்கு மட்டும், நம் ஊர்க்காரருக்கு மட்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். இன்ன சாதியா என்று சுற்றிவளைத்து விசாரிப்பவர்கள்கூட இருக்கிறார்கள். பிறர் நமக்குச் செய்வதை அநீதி என்றும், நாம் பிறருக்குச் செய்வதை வசதி என்றும் பெயரிட்டுக்கொண்டால், நம் முறையீட்டுக்கு எங்கே மதிப்பிருக்கும்?

ஆகவே, கலப்பான வட்டாரம் ஒன்றில் கூட்டுரிமை வீடு வாங்க எண்ணுவோருக்கு நான் பரிவோடு சொல்லக்கூடியவை சில உண்டு. மாதிரி வீட்டின் குளிரூட்டிய கூடத்திலிருந்து முடிவு செய்யாதீர்கள். வார நாள் காலையிலும், வெள்ளிக்கிழமைத் தொழுகை வேளையிலும், ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள், அந்த இரைச்சலோடும் வாசனையோடும் வாழ மனம் ஒப்பினால் வாங்குங்கள், ஒப்பாவிட்டால் அமைதியான வேறு வட்டாரத்தைத் தேடுங்கள், அதில் குற்றமேதுமில்லை. பழைய வீடானால், நிர்வாகக் கழகத்தின் பொதுக்கூட்டக் குறிப்புகளை வாங்கிப் படியுங்கள். பெரிய பழுதுகளுக்கென்று சேர்த்துவைத்த நிதியில் எவ்வளவு இருக்கிறது என்பது அதில் தெரியும். அக்குடியிருப்பினர் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதும் தெரியும்.

வாங்கிய பிறகு, பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். போகாதவருடைய வீட்டுக்கும் சேர்த்து, போனவர்களே விதி எழுதுகிறார்கள். வாசலில் கோலம் போடலாமா, நடைபாதையில் ஊதுவத்தி ஏற்றலாமா, இறப்பு நேர்ந்த வீட்டுக்குப் பலர் வந்துபோக இடமுண்டா, பணிப்பெண் நீச்சல் குளத்தருகே உட்காரலாமா என்பன போன்ற சிறு காரியங்கள்தாம் ஒரு குடியிருப்பின் நெஞ்சு அகலமா குறுகலா என்பதைக் காட்டுகின்றன. புதிய துணைவிதிக்குப் பங்கு மதிப்பின்படி நான்கில் மூன்று பங்கு வாக்கு தேவை. ஆகையால் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து நிதானமாகப் பேசினாலே ஒரு குறுகிய விதியைத் தடுத்துவிடக்கூடும். வீட்டை வாடகைக்கு விடும்போது, வருகிறவர் ஒழுங்காக வாடகை தருவாரா, வீட்டைப் பேணுவாரா என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகளை மதிலுக்குள் இருக்கும் விளையாட்டிடத்தோடு நிறுத்திவிடாமல், அடுத்த தெருவிலுள்ள கழகப் புளோக்கின் கூடைப்பந்துத் திடலுக்கும், வட்டார உணவங்காடிக்கும், சமூக மன்றத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

இன்னொன்றையும் நினைவில் இருத்துவது நல்லது. பத்தாண்டுக்கு மேற்பட்ட குடியிருப்பில் 80 விழுக்காட்டுப் பங்கினர் சம்மதித்தால், எஞ்சியோர் விரும்பாவிட்டாலும் கட்டடம் முழுவதையும் ஒட்டுமொத்தமாக விற்றுவிடலாம் என்று 1999 முதல் சட்டம் இருக்கிறது. 1976இல் கட்டப்பட்டு நகரத்தின் அடையாளமாக விளங்கிய 38 மாடி பெர்ல் பேங்க் கட்டடமே 2018இல் அவ்வாறு விற்கப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. நாம் நிரந்தரம் என்று எண்ணும் மதிலுக்கும் ஆயுள் சிறிதுதான். சந்தையும் ஆலயங்களும் பள்ளிவாசலும் பல தலைமுறைகளைக் கண்டுவிட்டு நிற்க, மதிலுக்குள் இருப்பவர் மட்டும் தம்மை அவ்வட்டாரத்தின் எஜமானராகக் கருதிக்கொள்வது பொருத்தமன்று.

கழக வீடுகளில் வாழும் மக்கள் சட்டத்தின் கட்டளைக்குப் பணிந்தும், சிலவேளை நஷ்டப்பட்டும், ஒருவரோடொருவர் கலந்து வாழக் கற்றுக்கொண்டார்கள். அவர்களிடையே பிறந்து வளர்ந்து, அந்தக் கல்வியின் பயனாலேயே உயர்ந்தவர்கள்தாம் இன்று கூட்டுரிமை வீடு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர். தாம் கற்றதைக் காவலர் கூண்டின் வாசலில் விட்டுவிட்டு உள்ளே போக அவர்களுக்கு உரிமை இருக்கலாம், அது தகுதியாகாது. எவரும் நிர்ப்பந்திக்காத இடத்தில் தாமாக முன்வந்து நல்ல அண்டை வீட்டாராக இருப்பவரே, 1989இல் வகுக்கப்பட்ட அந்த வரம்புகளுக்கு ஒருநாள் தேவையில்லாமற்போகும் காலத்தை அருகே கொண்டுவருகிறார். வீட்டுக்குக் கடன் கட்டுவதோடு, வட்டாரத்துக்கு நாம் பட்டிருக்கும் இந்தக் கடனையும் கட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.